பதினேழாவது பெயர்

"பதினாறு முடிஞ்சிச்சு. பதினெட்டாவது பேரச் சொல்லவா?" என்று மைக்கைப் பார்த்துக் கேட்டாள் பவுனம்மாள்.

"நடுவுல பதினேழு இருக்குலா, அக்கா!" என்று சிரித்தாள் சந்திரகலா.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். பெயரைச் சொன்னாலே நம்பரைத் தானாக அழைக்கும் ஒரு மெஷினை ஆறு மாதமாக அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தாள் சந்திரகலா. அதுவும் தமிழில். தொண்ணூற்றைந்தில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

மறுநாள் காலை டெலிபோன் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கொடுத்த பட்டியலில் இருபது பெயர்கள். ஒன்று தவறினாலும் இந்த வேலையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று முதலாளி ராதாகிருஷ்ணன் சொல்லிவிட்டார்.

கீழே கடையில், "ரசம் கேட்டது யாரு?" என்று பவுனம்மாள் கொடுக்கும் குரல் ரயில் சத்தத்தையும் மீறி மாடிக்கு வரும். அந்தக் குரலுக்காகவே சந்திரகலா அவளைக் கையோடு அழைத்து வந்திருந்தாள். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும், மெஷின் அதைப் புரிந்துகொண்டு பவுனம்மாளின் குரலிலேயே ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நம்பரை அழைக்கும்.

"ஒவ்வொரு பேரையும் பத்துத் தடவ சொல்லணும்கா. அப்பத்தான் மெஷினுக்கு மண்டையில ஏறும்" என்று காலையில் சொன்னபோது, "நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரின்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவள்தான் பவுனம்மாள். இப்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"என்னக்கா? 'நாகையா'ன்னு போட்டிருக்கு. படிங்க."

"அது எங்க வீட்டுக்காரரு பேரும்மா."

"இருக்கட்டுமே, அதுக்கென்ன?"

"நல்லா கேட்ட போ! கல்யாணமாயி இருபத்திரண்டு வருசத்துல ஒரு தடவ வாயத் தொறந்து சொன்னதில்ல. கிளினிக்குல கேட்டாக்கூட பேரு போட்ட அவரு ஐ.சி. கார்டத்தான் எடுத்து நீட்டுவேன். ஒரு தடவ சொன்னாலே புருசன் ஆயுசு கொறையும்பாங்க. நீ பத்துத் தடவ சொல்லச் சொல்ற!"

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. மணி மூன்று. இன்னொரு குரலைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க நேரமே இல்லை.

"இது வெறும் மெஷின்தானேக்கா."

"அப்புறம் என் குரல்ல அது திருப்பிச் சொல்லாதா?"

"சொல்லும். நாட்டுல எந்த மூலையில யாரு நாகையாவக் கூப்பிட்டாலும்…"

"ஐயோ! ஊரெல்லாம் என் குரல்லயா?" பவுனம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "அந்த மனுசன் பாவம், ஜெஞ்சாரோம் ஊர்ல தங்கி லோரி ஓட்டிக்கிட்டுக் கெடக்காரு. மாசத்துக்கு ஒரு தடவதான் வீட்டுப் பக்கம் வராரு. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவள் கண் கலங்கிவிட்டது.

சந்திரகலா விடுகிற ஆள் இல்லை. "சரிக்கா, அவரையே கேட்டுடுவோம். அங்க போன் இருக்கா?"

பவுனம்மாள் பர்ஸிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். "தங்கியிருக்கிற வீட்டு நம்பரு. அவசரம்னா மட்டும் அடின்னாரு. மூணு வருசமாச்சு, ஒரு தடவகூட அடிச்சதில்ல."

"இது அவசரம்தான்கா. அவரு ஓகேன்னா சொல்வீங்களா?"

"அவரே சொன்னா அப்புறம் எனக்கென்ன? சொல்றேன்."

தொலைபேசி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. பேசுவது இந்தப் பக்கம் கேட்காது. பவுனம்மாள் இரண்டு வார்த்தை பேசினாள்; பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். ரிசீவரை மெதுவாக வைத்தாள். மேசை மேல் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். திரும்பி வந்து நாற்காலியை மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போடும்மா மெஷின."

அப்பாடா என்றிருந்தது சந்திரகலாவுக்கு. பொத்தானை அழுத்தினாள்.

"நாகையா!"

முதல் முறையே கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவது அதைவிட அழுத்தம். இருபத்திரண்டு வருடம் சொல்லாத பெயர் என்று யாராலும் நம்ப முடியாது. பத்து முடிந்து, "போதும்கா" என்றதற்குப் பிறகும் நிறுத்தாமல் பதினைந்து வரைக்கும் போனாள். மிச்சமிருந்த மூன்று பெயர்களையும் அதே வேகத்தில் சொல்லி முடித்தாள்.

சந்திரகலா மைக்கில், "நாகையா" என்றாள். மெஷின் ஒரு விநாடி யோசித்தது. பிறகு பவுனம்மாளின் குரலில், "நாகையா!" என்று கணீரென்று திருப்பிச் சொன்னது. இருபது பெயர்களும் அப்படியே சரியாக வந்தன.

"ஜெயிச்சிட்டோம்கா!" சந்திரகலா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "மாமா தங்கமான மனுசன்லா. கேட்ட உடனே ஓகே சொல்லிட்டாரா?"

"அவன் எங்க பேசுனான்? ஒரு பொம்பளதான் போன எடுத்தா. 'அவரு புள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காரு, நான் அவரு சம்சாரம் பேசுறேன்'னா."

சந்திரகலாவின் கை மெஷின் பக்கம் போனது. "அக்கா… அந்த ஒரு பேர மட்டும் அழிச்சிட்டு, வேற குரல்ல போடட்டுமா?" என்றாள்.

"அழிச்சிகிழிச்சிடாத!" முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள் பவுனம்மாள். "நாடு பூரா தெனமும் நூறு தடவ சொல்லட்டும்!"