வலது இருக்கை

தனியாகப் பறக்கும் முதல் நாளில், பயிற்றுநர் இறங்கும்போது தன் வலது இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுப் போவது வழக்கம். தளர்ந்து கிடந்தால் எதிலாவது சிக்கிக்கொள்ளும். கேப்டன் தாமோதரன் பெனிட்டாவின் கண்ணெதிரேதான் அதை மாட்டினார்.

"ரூல் ஞாபகம் இருக்கில்ல? விமானத்துல வேற யாருமே இல்லாத நேரத்தை மட்டும்தான் லாக் புக்ல தனியாப் பறந்ததா எழுதணும். பொய் எழுதினா லைசென்ஸே கிடைக்காது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மேலே போய்த் திரும்பும்போது பக்கத்தில் 'டிக்' என்று கேட்டது. பெல்ட் கழன்று கிடந்தது. யாரோ உட்கார்ந்தாற்போல் மெத்தை அமுங்கியிருந்தது. பெனிட்டா மறுபடி அந்தப் பக்கம் திரும்பத் துணிவில்லாமல் ஓடுபாதையையே வெறித்தாள். தரை நெருங்கியபோது அவள் கைகள் பயத்தில் விமானத்தை இயக்கும் பிடியை விட்டுவிட்டன. ஆனாலும் பிடி மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. சக்கரங்கள் பூப்போலத் தரையைத் தொட்டன.

"பிரமாதமா இறக்கிட்டம்மா!" என்று கைகொடுத்த கேப்டன், அலுவலக அறையில் லாக் புக்கை அவள் முன் விரித்து வைத்தார். அவள் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், அந்த பெல்ட்டு... தானா கழண்டுச்சு. பக்கத்துல..."

கேப்டனின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. எழுந்துபோய் அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

"தனியாப் பறந்ததாவே எழுதும்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதினோம்."