கரண்ட்டுக் கஞ்சன்

லன்ச் பெல் அடித்ததுதான் தாமதம், சூப்பர்வைசர் வரதன் நேராகப் போய் ஏர் கம்ப்ரெஸ்ஸரை நிறுத்தினார்.

"அமுக்கிட்டாருப்பா கரண்ட்டுக் கஞ்சன்" என்று மெஷின் ஷாப் மொத்தமும் முணுமுணுத்தது.

கோபம் நியாயமானதுதான். கும்மிடிப்பூண்டியில் அலுமினிய பாகங்களைக் கடையும் கம்பெனி அது. சாப்பிடப் போகுமுன் ஏர் கன்னைப் பிடித்து, சட்டையில் ஒட்டியிருக்கும் தூளை ஊதித் தள்ளிவிட்டுப் போவது அங்கே வழக்கம். கம்ப்ரெஸ்ஸர் நின்றால் காற்று ஏது? தூளோடு உட்கார்ந்து சோறு தின்ன வேண்டியதுதான். சில மாதங்களாக இதே கூத்து.

மோனிகா மட்டும் முணுமுணுக்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

குவாலிட்டி செக்கிங்கில் முழுநேர வேலை. போதாததற்கு ஒரு பாட்காஸ்ட் வேறு. 'ஷிப்ட் முடிஞ்சிச்சு' என்று பெயர். காலையில் சோழவரத்தில் கம்பெனி பஸ் ஏறியதும், என்ன பேசுவது என்று மொபைலில் எழுதிக்கொள்வாள். லன்ச்சில் ரெக்கார்டிங். திரும்பிப் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட் அக்கா தோளில் சாய்ந்து குறட்டை விட, எடிட்டிங். வெள்ளிக்கிழமை வெளியீடு. வீட்டில் வைத்துப் பேசலாமே என்றால், ஹைவேயை ஒட்டிய வீடு. அவளைவிட லாரிகள்தான் அதிகம் பேசும்.

அதனால் ஸ்டுடியோ, கம்பெனியின் பேக்கிங் ரூம். சுற்றிலும் எதிரொலியை விழுங்கும் ஸ்பாஞ்ச் ஷீட் கட்டுக்கட்டாக இருக்கும். ஆரம்பத்தில் கம்ப்ரெஸ்ஸர் சத்தம்தான் உயிரை வாங்கியது. வரதனின் கஞ்சத்தனத்தால் ஊருக்கெல்லாம் நஷ்டம், மோனிகாவுக்கு மட்டும் லாபம்.

லாபத்துக்கு நன்றியா சொன்னாள்? வாராவாரம் அவரையே வறுத்தெடுத்தாள்.

"இன்னிக்கு நம்ம கரண்ட்டுக் கஞ்சன் இன்னா பண்ணாரு தெரியுமா?" என்று அன்றைக்கும் மொபைலில் பேசிக்கொண்டிருந்தாள். "கம்ப்ரெஸ்ஸர ஆஃப் பண்ணாரு. பக்கத்துல ஓடிக்கினு இருந்த பெரிய ஃபேனையும் ஆஃப் பண்ணாரு. அப்பால வெளிய போய் வெயில அண்ணாந்து பாத்தாரு. இதுக்கு சுவிட்ச் எங்கன்னு தேடறாரு போல."

கேட்பவர்களுக்குக் கஞ்சன் என்றால் உயிர். கல்பனா என்று ஒரு பெண், வாரம் தவறாமல் முதல் ஆளாகக் கமென்ட் எழுதுவாள். போன வாரம் எழுதியிருந்தது: 'சிரிச்சு சிரிச்சு வயித்து வலி. அந்தாளக் கட்டினவ பாவம்.'

வெளியே இருமல் கேட்டது. வாசலில் காவல் நிற்கும் பேக்கிங் செண்பகத்தின் சிக்னல். ஆனால் லேட்.

வரதன் உள்ளே நின்றிருந்தார். மோனிகாவின் கையில் மொபைல். ஷாப்புக்குள் மொபைல் வைத்திருந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதிலும் அவள் இன்னும் கான்ட்ராக்ட். மாதக் கடைசியில் பெர்மனென்ட் ஆக வேண்டும். அதற்கு வரதன் சரி சொல்ல வேண்டும்.

"சாப்ட்டுட்டு என் ரூமுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போச்சுடி" என்றாள் செண்பகம். "அவர இழுக்காத, இழுக்காதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்."

"பேரு சொல்லவே இல்லக்கா."

"கம்ப்ரெஸ்ஸரு, ஃபேனு எல்லாம் சொல்லிட்ட. அப்பால பேரு எதுக்குடி?"

மோனிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடுகிறது. இனி அம்மாவிடம் என்ன சொல்வது? ரூமுக்குள் நுழைந்தவுடன் கொட்டிவிட்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சிடறேன் சார். வேலய மட்டும் எடுத்துடாதீங்க."

வரதன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நாளைலருந்து ஒரு வாரம் அர்ஜென்ட் ஆர்டரு. லன்ச்லயும் மெஷின் ஓடும்."

"சரி சார்."

"இன்னா சரி? கம்ப்ரெஸ்ஸர நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமைக்கு வேணுங்கறத இன்னிக்கே பேசி முடிச்சிட்டியா?"

"அது உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

"மொதல்ல நீ போட்டதுல உன் பேச்சு எங்க கேட்டுச்சு? டர்ருன்னு கம்ப்ரெஸ்ஸருதான் பேசிக்கினு இருந்துச்சு. வால்வு உஸ்ஸுன்னு ஒழுகறத வெச்சே நம்ம மெஷினுன்னு கண்டுபுடிச்சிட்டேன். 'பொண்ணு நல்லா பேசுது, அந்த சத்தம்தான் பேஜாரு'ன்னு எங்க ஊட்ல சொல்லிச்சு. அதான் நிறுத்தினேன்."

"ஊட்ல... யாரு சார்?"

"கல்பனா. என் சம்சாரம். அது ஆர்.கே.பேட்டைல தனியா இருக்குது. நான் இங்க ரூம் எடுத்துத் தங்கிக்கினு ஞாயித்துக்கிழமதான் போறேன். அதுக்கு உன் பேச்சுதான் தொண. போன் பண்ணா உன் கதயச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

மோனிகாவுக்கு அவரை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"அப்ப என் வேல சார்?"

"வேலைக்கு இன்னா? நல்லாத்தான பாக்கற. மொபைல மட்டும் செக்யூரிட்டி கண்ணுல படாம வெச்சுக்கோ."

"மன்னிச்சிடுங்க சார். இனிமே அந்தக் கஞ்சனப் பத்திப் பேசவே மாட்டேன்."

"அய்யே, அத நிறுத்திடாத" என்று பதறினார் வரதன். சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கஞ்சன் யாருன்னு மட்டும் அதுக்குத் தெரியாது. சொல்லிடாதம்மா."