வாசனை இலாகா

“அக்கா, நாளைக்கு வாசனையெல்லாம் எங்க ஆபீஸ் நிஷா பாத்துக்குவாங்க. பட்டனைத் தட்டினா வாசனை வர்ற மெஷின் வெச்சிருக்காங்க. நீங்க வர்றவங்களுக்கு டீ, பலகாரம் மட்டும் பாத்துக்குங்க.”

ரெனிஷ் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். லூர்தம்மாள் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள்.

“இன்னா தம்பி, இப்டி சொல்லிட்ட? ஒரே ஒரு தபா பாலு தீஞ்சி போச்சி, அதுக்கா?”

“சும்மாவா தீஞ்சுது? மண்டபமே நாறிப்போய் நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வர்றோம். நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து நிம்மதியா செபமாலை உருட்டிக்கிட்டு இருக்கீங்க!”

“கவனிக்கல தம்பி. இனிமே அப்டி ஆவாது.”

ரெனிஷுக்கு வாரத்தில் ஐந்து நாள் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் மாதா கோயில் மண்டபத்தில் நாடகம். இந்த முறை பார்வையற்றவர்களுக்காகவே ஒன்று தயார் செய்திருந்தான். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒருவரின் ஒரு நாள்தான் கதை. பார்வையாளர்கள் நடுவில் உட்கார, சுற்றிலும் நாடகம் நடக்கும். காற்றடித்தால் அவர்கள் முகத்தில் விசிறுவார்கள், தூறினால் கையில் நீர் தெளிப்பார்கள், டீக்கடை வந்தால் உள்ளங்கையில் சூடான கிளாஸ் வந்து உட்காரும். வாசனைகளுக்கு லூர்தம்மாள். தொழிற்பேட்டை வாசலில் இருபது வருடம் இட்லிக்கடை போட்டவள்.

குழுவில் அவளுக்கு ‘வாசனை இலாகா’ என்றே பெயர். ஒத்திகை முடிந்தால் போதும், ஒருவரையும் விட மாட்டாள். “எப்டி வந்துச்சி? தூக்கலா கீதா, கம்மியா கீதா?” என்று துளைத்தெடுத்து, ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். ஒரு பாராட்டுக்கு இந்த அக்கா இப்படியா அலையும் என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

“இன்னிக்கி ஒரு நாளு நான் செய்றேன் தம்பி. அந்த சாரு நல்லால்லன்னு சொல்ட்டா நானே ஒதுங்கிக்கிறேன்.”

நிஷா நாளைக்குத்தான் வருவாள். வேறு வழியில்லாமல் ரெனிஷ் தலையாட்டினான்.

லூர்தம்மாள் சொன்ன ‘சாரு’ இருதயராஜ். ஆவடியில் பார்வையற்றோர் சங்கம் ஒன்றின் செயலாளர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நாளைக்கு நாற்பது பேரை அழைத்து வருவதா வேண்டாமா என்று இன்றைக்கு அவர்தான் சொல்ல வேண்டும். வந்து உட்கார்ந்தவர், வணக்கம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“போன வருஷம் ஒரு குழு, உங்களுக்காகவே நாடகம்னு கூப்பிட்டாங்க. முன் வரிசையில உட்கார வெச்சாங்க. மத்தவங்க சிரிச்சப்ப எதுக்குன்னு தெரியாமலே நாங்களும் சிரிச்சிட்டு வந்தோம். இன்னொரு தடவை எங்க ஆளுங்களுக்கு அந்த அவமானம் வேணாம். பிடிக்கலன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவேன் தம்பி.”

ரெனிஷ் தொடக்க மணியை அடித்தான்.

நாடகம் தொடங்கியது. லூர்தம்மாள் ஒரு கண் நோட்டிலும் ஒரு கண் கடிகாரத்திலுமாக நடமாடினாள். டீக்கடைக்கு ஒரே ஒரு ஏலக்காய், அதுவும் பாதி தட்டியது. லேத் ஓடும்போது சுடவைத்த இரும்பில் எண்ணி ஏழு சொட்டு ஆயில். மழைக் காட்சியில், தகரத்தை ஆட்டி இடி முழக்குவதற்கு முன்பே, சூடான மண்சட்டி ஓடுகளில் மூன்று கை நீர் தெளித்து விசிறினாள்.

“அடடே, மழை வரப்போகுது!” என்று இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் இடி இடித்தது. ரெனிஷுக்குச் சிலிர்த்துவிட்டது.

கடைசிக் காட்சியில், வேலை முடிந்து வரும் அப்பா சட்டையைக் கழற்றி மகன் மடியில் போடுவார். அதற்காக லூர்தம்மாள், இறந்துபோன தன் கணவர் கிறிஸ்துதாஸின் பழைய சட்டையைத் தயார் செய்திருந்தாள். அவரும் லேத் ஓட்டியவர்தான். அதைக் கொண்டுவந்து இருதயராஜின் மடியில் போட்டாள்.

அவர் சட்டையை முகத்தருகே கொண்டுபோனார். அப்படியே இருந்தார். நாடகம் முடிந்து மணி அடித்த பிறகும் சட்டையைத் திருப்பித் தரவில்லை.

“சார்... பிடிக்கலையா சார்?” என்றான் ரெனிஷ்.

“எங்கப்பாவும் இங்க லேத்துலதான் இருந்தாரு தம்பி. அவர் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. மெஷின் ஆயில், பீடி, சோப்பு... இதுதான் எனக்கு அப்பா. அவர் போய் இருபத்திரண்டு வருஷமாச்சு. இன்னிக்கு வந்து என் மடியில உட்கார்ந்துட்டாரு.” அவர் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “நாற்பது இல்ல, அறுபது பேரைக் கூட்டிட்டு வரேன். இதைச் செஞ்சது யாரு?”

ரெனிஷ் குற்ற உணர்ச்சியோடு லூர்தம்மாளைக் கைபிடித்து அழைத்து வந்தான். அவளைப் போல ஒருத்தி இந்த ஊரிலேயே கிடையாது என்று கத்த வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

இருதயராஜ் அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். “கண்ணு தெரியாதவங்களுக்கு மூக்கு கூர்மைன்னு சொல்லுவாங்கம்மா. உங்க மூக்குக்கு முன்னாடி எங்க மூக்கெல்லாம் சும்மா!”

லூர்தம்மாள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பாதி என் நெனப்புல கீறது சார். மீதி இவங்கள கேட்டுக் கேட்டு எய்தி வெச்சிகினேன்” என்றவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “கொரோனா வந்து போனதுலேர்ந்து, நாலு வருசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியறதில்ல சார்... அது எங்கூட்டுக்காரரு சட்ட. அதுல நெசமாவே அவுரு வாசன வந்துச்சா?”