மானேஸ் செய்த சக்கரங்கள்

சல்மத்தின் பின்கழுத்து விண்விண்ணென்று தெறித்தது.

திரிகை சுற்றும் அடிமைகள் மாவை அள்ளி வாயில் போட்டுவிடக் கூடாதென்று எசமான் கழுத்தில் மாட்டிவைத்த மரச்சக்கரம். முறம் அகலம் இருக்கும். கையை எப்படி மடக்கினாலும் விரல் வாய்க்கு எட்டக் கூடாது என்பதுதான் கணக்கு.

எசமான் இப்போது கிணற்றடியில் செத்துக் கிடந்தான்.

விடிந்ததும் மலையில் ஆடு மேய்க்கும் அடிமைகள் தடியும் நாய்களுமாகப் பண்ணைக்குள் புகுந்துவிட்டார்கள். சிசிலித் தீவில் பாதிப் பண்ணைகளில் இதே கதைதான் என்றார்கள்.

மாவுக்கொட்டடி வாசலில் ஒருவன் கோடாரியோடு நின்று சக்கரங்களைப் பிளந்துகொண்டிருந்தான். சல்மத் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போய்க் கழுத்தைக் கொடுத்தாள்.

"என்னடி அவசரம்? காத்தைக் குடிச்சே தெம்பா இருக்கிறவ நீ. நாங்கல்ல முந்தணும்!" என்றாள் கூட அரைக்கிற அமத்தா. பெண்கள் சிரித்தார்கள்.

பிளந்த துண்டுகளை சல்மத் தன் கையாலேயே அடுப்பில் போட்டாள். அந்த நெருப்பில்தான் முதல் ரொட்டி வெந்தது.

அதற்குள் தச்சன் மானேஸை இழுத்து வந்தார்கள். அவனும் அடிமைதான். நெற்றியில் இவர்களுக்கு இருக்கும் அதே சூட்டுத் தழும்பு. ஆனால் அத்தனை சக்கரங்களையும் செய்தவன் அவன்.

மேய்ப்பர் தலைவன் திபேயோஸ் தடியை ஊன்றி நின்றான்.

"நம்ம ஆளுதான், அதனால கேக்குறேன். இவன் ஒரு நல்லது செஞ்சான்னு உங்கள்ல ஒருத்தர் சொன்னாப் போதும், விட்டுடறேன். ஆனா என்ன செஞ்சான்னு சொல்லணும்."

"நல்லதா?" அமத்தா கத்தினாள். "எந்தங்கச்சி மாவு மூட்டைக்கு நடுவுல பட்டினியில செத்தா. அவ கழுத்துக்கு அளவு பாத்துப் பாத்து செஞ்சான், அதைச் சொல்லவா?"

மானேஸ் பெண்களைப் பார்த்தான். அவன் கண் சல்மத்திடம் வந்து நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது.

"நீ ஏதாச்சும் சொல்றியாடா?" என்றான் திபேயோஸ்.

"எசமான் செய்யச் சொன்னான், செஞ்சேன்."

சல்மத்தின் வாயில் சூடான ரொட்டி இருந்தது. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

மானேஸைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். தடி விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. நாய்கள் குரைத்து ஓய்ந்தன.

அமத்தா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். "தின்னுடி. இனிமே நம்மள எவன் தடுப்பான்?"

சல்மத் வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய சக்கரத்தை மட்டும் வலப்பக்கம் நான்கு விரல் குறைத்து இழைத்திருந்தான் மானேஸ். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. போன குளிர்காலத்தில் அமத்தாவின் தங்கை பக்கத்துத் திரிகையில் சுருண்டு சுருண்டு விழுந்தபோதெல்லாம், இருட்டு மூலையில் சல்மத்தின் கை வாய்க்கு எட்டிக்கொண்டுதான் இருந்தது.

அதைச் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். இந்தப் பெண்கள் இவளை விட்டிருக்கமாட்டார்கள்.

சல்மத் மானேஸுக்கு ஓர் உயிர் கடன்பட்டிருக்கிறாள்.