சொதப்பல் அக்கா

"ஐஸ் போட்ட எதையும் குடிக்காதே. வெட்டி வெச்ச பழத்தைத் தொடாதே. தண்ணின்னா மூடி உடைக்காத பாட்டில். அதையும் உன் கண்ணெதிர்லதான் உடைக்கணும்."

டிக்கெட் அக்கா இப்படித்தான் ஆரம்பிப்பார். எங்கள் பம்ப் கம்பெனியில் யார் வெளிநாடு போனாலும் டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் அவர் மேசைதான். போகிறவர் பெண் என்றால் கூடவே ஒரு பாடமும் உண்டு.

முதல் தடவையாக ஒரு கண்காட்சிக்குப் போகிற எனக்கு முழுப் பாடமும் கிடைத்தது. தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதே. மாத்திரையை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வை. நாப்கினை இங்கிருந்தே கொண்டு போ, நாள் தள்ளிப்போகும் என்று நம்பாதே. விமானத்தில் பிடித்து வைத்த மாதிரி உட்காராமல் எழுந்து நட. கடைசியில் இழுப்பறையைத் திறந்து, கதவுக்கு அடியில் செருகிக்கொள்ள ஒரு ரப்பர் கட்டையையும் எடுத்துக் கொடுத்தார்.

"ரூம் நம்பரை யார்கிட்டயும் சொல்லாதே."

"யார்கிட்ட சொல்லப் போறேன்? கூட வர்றது நம்ம ஜி.எம். மட்டும்தானே?"

"யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற தாயே இவ்வளவு சொல்லவில்லை.

இத்தனை சொல்லத் தெரிந்தவருக்கு ஹோட்டல் மட்டும் ஒழுங்காகப் போடத் தெரியாது. ஜி.எம்.முடன் போய் வந்த பெண்கள் எல்லாரும் இதையே சொல்லிப் புலம்புவார்கள். அவருக்கு ஒரு ஹோட்டல், இவர்களுக்கு ஊரின் மறுகோடியில் ஒரு ஹோட்டல். கேட்டால் ரூம் காலி இல்லை என்பார், இல்லாவிட்டால் தேதியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்பார். ஆபீசில் அவருக்குச் சொதப்பல் அக்கா என்றே பெயர்.

எனக்கும் சொதப்பினார். ஜி.எம்.முக்குக் கண்காட்சி அரங்கத்துக்கு எதிரிலேயே, நீச்சல் குளம் வைத்த ஹோட்டல். எனக்கோ பஸ் பிடித்துப் போகிற தூரத்தில், ஒரு அம்மாள் நடத்துகிற விடுதி. அந்த அம்மாளுக்குச் சிரிக்கவே தெரியாது. வாசல் மணி அடித்தால் தானே எழுந்து வந்து, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, வந்தவரை மேலும் கீழும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் ஜி.எம். என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். கண்காட்சியில் பேச வேண்டியதைப் பற்றி என்னோடு பேச வேண்டுமாம். அந்த அம்மாள் அவரை உள்ளே விடவில்லை. வெளியாட்கள் அறைக்குப் போகக் கூடாது, பேசுவதானால் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசுங்கள் என்றுவிட்டாள். வந்தால் கம்பெனியே எழுந்து நிற்கிற மனிதர், தூறலில் கோட்டு நனைய நின்றார். அப்புறம் பேச ஒன்றும் இல்லை போலிருக்கிறது, உட்காராமலே திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு மானமே போயிற்று. ஊருக்குப் போனதும் அக்காவை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக முடிவு செய்தேன்.

திரும்பி வந்த அன்றைக்கே ஜி.எம். கூப்பிட்டார். என்னைவிட அவர் சூடாக இருந்தார். இந்தச் சொதப்பலுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும், மத்தியானம் எம்.டி. விசாரிக்கப் போகிறார், நடந்ததை நான் வாயால் சொன்னால் போதும், அந்த டிக்கெட் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அக்கா வீட்டில் அவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், "கண்டிப்பா சொல்றேன் சார்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"நல்லது. அடுத்த பயணத்துக்கு நானே ரூம் போட்டுடறேன். பக்கத்துப் பக்கத்து ரூம், நடுவுல ஒரு கதவு. வாசல்ல நின்னு யாரையும் கேட்டுட்டு இருக்க வேண்டாம் பாரு."

சிரித்தார். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஜி.எம்.முடன் ஆண்கள் போனபோது அக்கா ஒரு தடவைகூடச் சொதப்பியதில்லை என்பது மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது.

மத்தியானம் எம்.டி. அறையில் ஜி.எம்.மும் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் விஷயத்தில் என்னதான் நடந்தது என்று எம்.டி. கேட்டார்.

"அந்த விடுதியை நான்தான் கேட்டு வாங்கினேன் சார். ரொம்பப் பிடிச்சிருந்தது. அடுத்த தடவையும் அக்காவே போடட்டும்."

ஜி.எம். என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அப்படியானால் விசாரிக்க என்ன இருக்கிறது என்று எம்.டி. எங்களை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

நேரே அக்காவின் மேசைக்குப் போனேன். கோபம் தாங்கவில்லை. அதுவும் அவர் மேலேயேதான். இத்தனை வருஷமாக இப்படி ஊர் வாயில் விழுந்துகொண்டு சொதப்பியதற்கு, நேராக ஒரு புகார் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன்.

அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஜி.எம்.முடன் போகிற கணக்குப் பிரிவுப் பெண்ணுக்கு ஹோட்டல் தேடிக்கொண்டிருந்தார், ஊரின் மறுகோடியில்.

"கொடுத்தேனே. அப்போ நான் விற்பனைப் பிரிவு. அவர்கூட ஒரே ஒரு பயணம்தான் போனேன். வந்ததும் புகார் கொடுத்தேன். மறுவாரமே என்னைத் தூக்கி இந்த சீட்டுல போட்டுட்டாங்க."

ரூமை உறுதி செய்துவிட்டு, இழுப்பறையிலிருந்து இன்னொரு ரப்பர் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யார் எங்கே தங்கணும்னு முடிவு பண்ற சீட்டு. யோசிக்காம கொடுத்துட்டாங்க, பாவம்."