ஐந்தாவது நாடு

கருத்துக்கணிப்பு எடுக்கும் தங்கப்பழத்துக்கு இன்னும் ஒரே ஒரு படிவம்தான் பாக்கி. இன்னொரு தடவை 'கருத்து இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தால் அப்படியே வேலையை விட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். கடைசி வீட்டுச் சுயம்புக்கனி கேள்வியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"நம்ம தேசத்துக்குப் பெரிய ஆபத்து எந்த நாட்டால வரும்? அஞ்சுல ஒண்ணச் சொல்லணும், அப்படித்தான தம்பி?"

முதல் நாட்டில் அவள் தம்பி கிரேன் ஓட்டுகிறான். இரண்டாவதில் மகள் மாசமாக இருக்கிறாள். மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தபோது, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு எப்சிபாவின் தலை தெரிந்தது.

"ஏளா, அங்கதான எங்க வீட்டுக்காரரு இருக்காரு. அவருக்கு ஒண்ணுன்னா நீயா வந்து நிப்ப?"

நான்காவது நாட்டில் பாதித் தெருவே இருந்தது. ஐந்தாவதில் மட்டும் ஒருவருமில்லை. தங்கப்பழம் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தான்.

"பொறுங்க தம்பி," என்றாள் சுயம்புக்கனி. "அங்க ஏன் நம்ம ஆளு ஒருத்தரும் போகல? சம்பளம் கொறவோ?"

"தெரியலக்கா."

"தெரியாம எப்படி ஆபத்துன்னு எழுதுவிய?"

எப்சிபா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களே போய்ப் பாருங்களேன். இந்த வெயில்ல வீடு வீடா நாயா அலையுததுக்கு அது தேவல. பாஸ்போர்ட் இருக்கா?"

இருந்தது. எடுத்து நான்கு வருஷமாகப் பீரோவில் சும்மா கிடக்கிறது.

காபி குடித்துவிட்டுத் தெருமுனைக்கு வந்த தங்கப்பழம், வேப்பமர நிழலில் நின்று படிவத்தைப் பிரித்தான். யாரும் பார்க்கவில்லை, சும்மா ஒரு டிக் போட்டால் வேலை தப்பிக்கும். பேனா ஐந்தாவது பெயரின் மேல் நின்றது. அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.