மணியம்மாவின் மாடி

"மாடியை மட்டும் எடுத்துடும்மா. கீழ் வீடு இருக்கட்டும்."

தேவசேனா கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். தோளில் துண்டு. கையில், அன்று காலை அவள் அச்சடித்து லேமினேட் செய்து கொடுத்த படம்.

"இது மணியம்மாக்காவோட படமாச்சே. நீங்க யாரு?"

"அவ வூட்டுக்காரன். பேரு கங்கையா."

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் தேவசேனா நடத்தும் கடைக்குப் பெயர் 'கனவுப் படம்'. வேலைக்கு ஆள் கிடையாது. வருகிறவர்கள் தாங்கள் கண்ட கனவைத் தமிழிலோ தெலுங்கிலோ, இரண்டையும் கலந்தோ சொன்னால் போதும். கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஐ அதைக் கேட்டுப் படமாக வரைந்துவிடும். வாட்ஸ்அப்பில் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்வதும் ஏஐதான். இன்னும் கொஞ்சம் நீலம் போடு, அந்த மரத்தைத் தள்ளி வை என்று அதைத் திருத்துவதும் அச்சடிப்பதும் தேவசேனா.

"எல்லாம் வரையும். கனவு காண மட்டும் அதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் கொண்டாரணும்" என்பாள் வருகிறவர்களிடம்.

மணியம்மா ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாள். அவள் கனவில் எப்போதும் ஒரே வீடுதான். முதல் வாரம் மஞ்சள் சுவரும், மலை தெரிகிற ஜன்னலும் இருந்தன. அடுத்த வாரம் சமையலறையில் அலமாரி முளைத்தது. அப்புறம் வாசலில் ஒரு கொய்யா மரம்.

"எங்கூட்டுக்காரர் இதையெல்லாம் ஏறெடுத்தும் பாக்கமாட்டாரு. வாடகை வூட்டுல கீறவளுக்கு இன்னா கனவுன்னு கேக்கறாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இன்று காலை வந்து உட்கார்ந்ததும் கண்களை மூடிக்கொண்டாள்.

"படியேறிப் போறேன். மேல மாடி. கொடி கட்டி என் புடவைங்களைக் காயப்போடறேன். லாட்ஜு துணி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் என்னுது. மலையிலேருந்து மேகம் எறங்கி வந்து, புடவைங்களுக்கு நடுவுல நடந்து போவுது. ஒரு புடவைகூட நனையல."

திரையில் படம் மெல்லத் தெளிந்தது. மேகத்தின் நடுவே மஞ்சள் வீடு மிதந்தது. மாடியில் சிவப்பும் பச்சையுமாகப் புடவைகள் அசைவதுபோல் இருந்தன. மணியம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாகுந்தி, ரொம்ப நல்லாக்கீது" என்றாள்.

அந்த மாடியைத்தான் இந்த மனிதர் எடுக்கச் சொல்கிறார்.

"அக்கா எடுக்கச் சொன்னாங்களா?"

"அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

கங்கையா பையிலிருந்து பழைய படங்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து எதையோ பார்த்தார்.

"இதுல ஜன்னல் வாசலுக்கு இந்தாண்ட கீது. இதுல அந்தாண்ட கீது. எதும்மா சரி?"

"ஏஐ ஒவ்வொரு தடவையும் புதுசா வரையும்ணா. முன்னப்பின்னதான் இருக்கும்."

"நிலையா ஒண்ணு சொல்லாதா? எங்கூட்டுக்காரியே தேவலாம் போலக்கீதே."

தேவசேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கனவுல ஏதுண்ணா சரி, தப்பு?"

"சரி, அத்த வுடு. மாடி வேணாம். அடுத்த வாரம் வந்தான்னா, மெஷினுக்கு மாடியெல்லாம் போட வராதுன்னு சொல்லிடு. ஒரு ரூம்பு, சமையக்கட்டு. அதோட நிக்கட்டும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சின்னப் பொய்தானேம்மா."

"நான் ஒருத்தியா நடத்தற கடைண்ணா இது. சொன்ன கனவைச் சொன்னபடி தருவேன்னு நம்பித்தான் ஜனம் வருது. வீட்டுக்காரர் வந்து கேட்டாருன்னு கனவைச் சின்னதாக்கினேன்னு தெரிஞ்சா, அக்கா மட்டுமில்ல, வேற யாரும் இந்தப் படியேற மாட்டாங்க."

கங்கையா மேஜைமேல் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்.

தேவசேனாவால் நிறுத்த முடியவில்லை.

"நாளெல்லாம் ஊரார் துணியைத் துவைக்கறாங்க. சொந்தப் புடவையைக் காயப்போட அவங்களுக்குக் கனவுலதான் இடம் கிடைச்சிருக்கு. அதையும் பிடுங்கணுமா? கனவுல அவங்க மாடி கட்டினா உங்களுக்கு என்ன கஷ்டம்? நீங்களா கல்லும் மண்ணும் சுமக்கறீங்க?"

கங்கையாவுக்குக் கோபம் வரவில்லை. வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதம்மா. பிச்சாட்டூர்ல எங்க நைனா வுட்டுட்டுப் போன எடம் கொஞ்சம் கீது. ஞாயித்துக்கிழமைல போயி, இந்தப் படத்தைப் பாத்துப் பாத்து நானே கட்டிக்கினு வரேன். செவுரு ஜன்னல் மட்டத்துக்கு வந்துடுச்சி. நான் போட்ட அஸ்திவாரம் மாடி தாங்காதும்மா."